ஆணி பிடுங்கிய சுவர்

1

விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு வீட்டை, வாங்க வருவோர் பார்ப்பதற்கு முன்னால், அறைகலன்களைக் குறைத்தும் இடம் மாற்றியும், சுவர்களுக்குப் புது நிறம் பூசியும், விளக்கொளியையும் மணத்தையும்கூடத் திட்டமிட்டும், நாடகத்துக்குக் காட்சி அமைப்பதைப் போல ஆயத்தம் செய்து தரும் தொழிலுக்கு அமெரிக்காவில் ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயர். தமிழில் இதை ‘வீட்டை அரங்கமைத்தல்’ எனலாம். சியாட்டில் வட்டாரத்தில் வீட்டு விற்பனை முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972-இல் இதை ஒரு முறையாக வகுத்தார் என்றும், அவருக்கு நாடகத்திலும் உள்ளலங்காரத்திலும் இருந்த பழக்கமே மேடையைக் குறிக்கும் சொல்லை வீட்டோடு சேர்த்தது என்றும் அத்தொழிலில் உள்ளோர் சொல்வது வழக்கம். இன்று அது பயிற்சி வகுப்புகளும் சான்றிதழ்களும், வாடகைக்கு விடும் சோபாக்கள் அடுக்கிய கிடங்குகளும் கொண்ட தனித் தொழிலாக வளர்ந்து நிற்கிறது.

விற்கும் பொருளைத் துடைத்துக் காட்டுவது வணிகத்தின் வயதே ஆன வழக்கம். சந்தைக்கு ஓட்டிச் செல்லும் காளையைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவுவதும், கத்தரிக்காயின் மேல் தண்ணீர் தெளித்து வைப்பதும், கைமாறப் போகும் வீட்டுக்கு ஒரு கை வெள்ளையடிப்பதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பொருளின் வயதும் வாட்டமும் மறைக்கப்படுகின்றன. அதை வைத்திருந்தவரை மறைக்க வேண்டிய தேவை எழுவதில்லை, சொல்லப்போனால் மாட்டைப் பார்ப்பதற்கு முன் மாட்டுக்காரரின் ஊரையும் பேரையும் விசாரிப்பதே சந்தைப் பழக்கம். அரங்கமைப்பு இந்த இடத்தில் பழைய வழக்கத்திலிருந்து பிரிகிறது. அது முதன்மையாகக் குறிவைப்பது சுவரின் வயதை விட, அந்தச் சுவருக்குள் வாழ்ந்தவர்களை.

இத்தொழிலின் பாடத்தில் இரண்டு கட்டளைகள் ஓயாமல் திரும்ப வருகின்றன. முதலாவது ‘டிகிளட்டர்’, அதாவது அடைசலை நீக்குதல். பரணிலும் அலமாரியிலும் மேசையிலும் சேர்ந்து கிடப்பவற்றை அப்புறப்படுத்தி இடத்தைப் பெரிதாகத் தோன்றச் செய்வது. இரண்டாவது ‘டிபர்சனலைஸ்’, இதற்கு ‘ஆள்நீக்கம்’ என்பதே பொருத்தமான தமிழாக இருக்கும். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகள், சமயச் சின்னங்கள், கட்சி அடையாளங்கள், பெயர் பொறித்த பொருள்கள் என, இந்த வீடு குறிப்பிட்ட சிலருடையது என்று காட்டிக்கொடுக்கும் எதுவும் பார்வையில் படக் கூடாது என்பது அதன் சாரம். முதல் கட்டளை பொருள்களைப் பற்றியது, இரண்டாவது மனிதர்களைப் பற்றியது. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை.

2

அரங்கமைக்கப்பட்ட ஓர் அமெரிக்க வீட்டின் சமையலறையை அருகில் சென்று பார்த்தால் இந்தத் தூரம் துலங்கும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த பிள்ளையின் கிறுக்கல் படமும், பள்ளிக்கூட அட்டவணையும், பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் குறித்த சீட்டும் போய்விட்டன. மேடைமேல் இருந்த ரொட்டி வாட்டியும், எண்ணெய்ப் பிசுக்கேறிய உப்புக் குப்பியும், மாத்திரை டப்பாவும் அலமாரிக்குள் போய்விட்டன. வாங்க வருவோர் அலமாரியையும் திறந்து பார்ப்பார்கள் என்பதால் பின்னர் அங்கிருந்தும் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்கள் இருக்கின்றன. அவை பிழிவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. குளியலறையில் மூன்றாக மடித்த வெள்ளைத் துண்டுகள் தொங்குகின்றன. அவற்றில் யாரும் கை துடைக்கக் கூடாது. புத்தக அடுக்கில் நூல்கள் நிறம் பார்த்து வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன, சில வீடுகளில் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, தாள்களின் வெளிர் விளிம்பு மட்டும் தெரியும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. படிப்பவரின் நாட்டம் தெரியாமல், இங்கே படிப்பு உண்டு என்பது மட்டும் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். இத்தகைய தேவைகளுக்கென்று நூல்களை அடிக் கணக்கில் அளந்து விற்கும் கடைகள் அந்நாட்டில் உண்டு.

நீக்கப்பட்டவற்றின் பட்டியலை மறுபடி பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி உழைப்பின் அடையாளம் என்பது தெரியவரும். துணி உலர்த்தும் கொடி, விளக்குமாறு, குப்பைக்கூடை, பாத்திரம் தேய்க்கும் நார், இஸ்திரிப் பெட்டி, நாயின் சோற்றுத் தட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கான கழிகலம் என, ஒரு வீட்டை அன்றாடம் வீடாக வைத்திருக்கும் வேலை எதுவோ அதன் கருவிகள் முதலில் ஒளிக்கப்படுகின்றன. சமைத்த தடமற்ற அடுப்பும் படுத்த தடமற்ற கட்டிலும் காட்டுவது, வேலையே இல்லாத ஒரு வாழ்க்கையை. அந்த வேலையைச் செய்துவந்தவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண் என்பதால், ஆள்நீக்கத்தில் எல்லாரும் ஒரே அளவில் நீக்கப்படுவதில்லை.

சமூகவியலர் எர்விங் கோஃப்மன், 1950-களில் வெளிவந்து 1959-இல் விரிந்த பதிப்பாகப் புகழ்பெற்ற தம் நூலில், அன்றாட வாழ்க்கையை நாடகத்தின் சொற்களில் விளக்கினார். மனிதர்கள் பிறர் முன்னிலையில் நடந்துகொள்ளும் இடத்தை முன்களம் என்றும், அந்த நடத்தைக்கு ஆயத்தமாகவும் அதிலிருந்து இளைப்பாறவும் ஒதுங்கும் இடத்தைப் பின்களம் என்றும் அவர் பிரித்தார். விருந்தினர் அமரும் கூடம் முன்களமானால், சமையலறையும் குளியலறையும் பின்களம். பழைய தமிழ் வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வருபவர் எந்த எல்லைவரை வரலாம் என்பதற்கு இருந்த படிநிலையும் இந்தப் பிரிவினையின் நுண்ணிய வடிவமே. அரங்கமைப்பு இதைத் தலைகீழாக்குகிறது என்பதைவிட, ஒரு பாதியை இல்லாமலாக்குகிறது என்பதே சரி. அங்கே பரணும் முன்களம், கழிப்பறையும் முன்களம், அலமாரியின் உட்புறமும் முன்களம். ஒப்பனையைக் கலைக்க ஓர் அறைகூட மிச்சமில்லை.

வீடு விற்கும்வரை அதிலேயே குடியிருக்க வேண்டிய குடும்பத்துக்கு இதன் பொருள் மிகவும் நடைமுறை சார்ந்தது. காலையில் பல் துலக்கியதும் துலக்கியைப் பெட்டியில் போட்டு ஒளிக்க வேண்டும். மீன் பொரிக்கக் கூடாது. பார்க்க வருவதாக முகவர் செய்தி அனுப்பினால் பிள்ளைகளையும் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்காவது போய்ச் சுற்றிவிட்டு வர வேண்டும். உரிமையாளர்கள் தங்கள் வீட்டில் விருந்தாளிகளைவிடவும் கூச்சத்தோடு நடமாடும் இந்தச் சில வாரங்களில், வீடு சட்டப்படி கைமாறுவதற்கு முன்பே வேறு வகையில் கைமாறிவிடுகிறது.

3

இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்விக்குத் தொழில் தரும் விடை, வாங்க வருபவர் அந்த இடத்தில் தம்மைப் பொருத்திப் பார்க்க வேண்டும், பிறருடைய முகங்கள் சுவரில் இருந்தால் அது கைகூடாது என்பதே. அமெரிக்க வீட்டு விற்பனை முகவர்களின் தேசியச் சங்கம் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், வாங்குவோர் தரப்பு முகவர்களில் 83 விழுக்காட்டினர், அரங்கமைப்பு வாங்குபவருக்கு அந்த வீட்டைத் தம் வருங்கால வீடாகக் கற்பனை செய்ய உதவுகிறது என்று கூறினர். இது முகவர்களின் கருத்து. வாங்கியவர்களின் பையிலிருந்து கூடுதலாக வந்த பணத்தின் அளவு அல்ல என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

விற்பவர் ஏன் தம் சுவடுகளை விடமுடியாமல் தவிக்கிறார் என்பதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. ஒரு பொருள் தன்னுடையதாகிவிட்டது என்ற காரணத்தினாலேயே மனிதர் அதற்குக் கூடுதல் மதிப்புத் தருவதை ரிச்சர்ட் தேலர் 1980-இல் ‘உடைமை விளைவு’ என்ற பொருள்படும் பெயரால் குறித்தார். பின்னர் அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், காப்பிக் குவளை ஒன்றைக் கையில் பெற்றுவிட்ட மாணவர்கள் அதை விற்க ஏறத்தாழ 5.25 டாலர் கேட்டனர். குவளை கிடைக்காதவர்கள் அதே குவளைக்கு 2.25 முதல் 2.75 டாலர்வரைதான் தர முன்வந்தனர். சற்று முன்பு கையில் வந்த குவளைக்கே இந்த நிலை என்றால், முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டின் நிலைப்படியில் பிள்ளையின் உயரம் குறித்த பென்சில் கோடுகளுக்கு விற்பவர் மனத்தில் என்ன விலை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்குபவருக்கு அந்தக் கோடுகள் வண்ணம் பூசி மறைக்க வேண்டிய அழுக்கு. அரங்கமைப்பவரின் உண்மையான வேலை, விற்பவரின் கண்ணை மாற்றி அவருடைய வீட்டை அந்நியரின் கண்ணால் பார்க்கப் பழக்குவது. சோபாவை நகர்த்துவதைவிடக் கடினமானது அது.

ஆனால் அந்த அந்நியரின் கண் உண்மையில் அப்படித்தான் பார்க்கிறதா என்பதில் ஐயம் உண்டு. 2015-இல் வீட்டுவசதி ஆய்விதழ் ஒன்றில் மார்க் லேன், மைக்கேல் சைலர், விக்கி சைலர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வீடு வாங்கும் நிலையில் இருந்த எண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு ஒரே வீட்டின் கணினிக் காட்சிகள் காட்டப்பட்டன. சிலர் கண்ட வீட்டில் சுவர் மிதமான நிறத்திலும் சிலர் கண்ட வீட்டில் பிடிக்காத நிறத்திலும் இருந்தது, அறைகலன்களும் அதேபோல நல்லவை, மோசமானவை, இல்லாதவை என மாற்றப்பட்டன. இந்த மாற்றங்கள் தங்களைப் பாதித்ததாகவும் பிறரையும் பாதிக்கும் என்றும் பங்கேற்றவர்கள் நம்பினர். ஆயினும் அவர்கள் தர முன்வந்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. நம்பிக்கைக்கும் விலைக்கும் இடையே உள்ள இந்த விலகல், அரங்கமைப்பைப் பணக் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது என்பதைக் காட்டுகிறது. ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொல்வதைவிடப் ‘பிறர் இப்படித்தான் விரும்புவார்கள்’ என்று கொள்ளும் ஊகத்தின் மீதே இத்தொழில் நிற்கிறது.

4

அந்தப் ‘பிறர்’ யார் என்ற கேள்வியில்தான் பொருள் கனமாகிறது. ‘நியூட்ரல்’ என்ற சொல் இத்தொழிலில் நிறத்துக்கு வழங்குகிறது. சாம்பலும் சந்தனமும் கலந்தாற்போன்ற மங்கிய நிறங்கள் யாருக்கும் உறுத்தாதவை என்பது அதன் பொருள். நடுநிலை என்று தமிழாக்கினால் அச்சொல்லுக்குள் ஒரு நீதிமன்றமே வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாருக்கும் உறுத்தாத சுவர் என்று ஒன்றைத் தீர்மானிக்க, யாருடைய உறுத்தலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் 2020-இல் நடந்ததாக வழக்கொன்றில் சொல்லப்பட்ட நிகழ்வு இதற்குச் சான்று. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள அவ்வூர், இரண்டாம் உலகப்போரின்போது கப்பல் கட்டும் தளத்துக்கு வந்த தொழிலாளர்களுக்காக எழுந்தது. போர் முடிந்தபின் வெள்ளையர்கள் வேறு இடங்களில் வீடு வாங்கிப் போக, அந்த வாய்ப்பு மறுக்கப்பட்ட கருப்பினத்தவர் அங்கேயே தங்கினர். அவ்வூரில் வீடு வைத்திருந்த கருப்பினத் தம்பதியர், கடனை மறுசீரமைப்பதற்காக வீட்டை மதிப்பிடச் செய்தபோது 9,95,000 டாலர் என்று மதிப்பு வந்தது. சில வாரங்களில் வேறொரு மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தபோது அவர்கள் தங்கள் குடும்பப் படங்களையும் ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களையும் எடுத்துவிட்டு, வெள்ளையரான தோழி ஒருவரின் குடும்பப் படங்களை வைத்து, மதிப்பீட்டாளரை வரவேற்கவும் அத்தோழியையே நிற்கச் செய்தனர். மதிப்பு 14,82,500 டாலராக உயர்ந்தது. முதல் மதிப்பீட்டுக்கு எதிராக அவர்கள் தொடுத்த வழக்கு 2023-இல் சமரசத்தில் முடிந்தது.

அது விற்பனைக்கான அரங்கமைப்பு அன்று என்றாலும், செய்முறை அச்சு அசலாக ஒன்றே: வாழ்ந்தவரின் சுவடு நீக்கப்பட்டது, யாருக்கும் உறுத்தாது என்று கருதப்பட்ட முகம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் வீட்டு விலைக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பு தனிமனிதக் கோணல்களால் மட்டும் ஆனதன்று. 1930-களில் வீட்டுக்கடனுக்கான அரசு அமைப்பு நகர்களின் வரைபடங்களைத் தரம் பிரித்து, கருப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று சிவப்பில் குறித்தது; வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டை 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் தடை செய்தது. வரைபடத்தின் நிறம் சட்டத்தால் நீங்கியபின், சுவரில் தொங்கும் படத்தின் நிறம் அந்த வேலையைத் தொடரக்கூடும் என்ற அச்சத்தை அத்தம்பதியரின் ஏற்பாடு வெளிச்சமிட்டது. ‘உங்கள் படங்களைக் கழற்றிவிடுங்கள்’ என்ற ஒரே அறிவுரை ஒரு வீட்டில் ரசனைக் குறிப்பாகவும் இன்னொரு வீட்டில் எச்சரிக்கையாகவும் கேட்கிறது.

5

மறைத்து விற்பது எங்கே அழகுபடுத்தலாக இருந்து எங்கே ஏமாற்றாக மாறுகிறது என்ற கேள்வியும் பழமையானது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், வீடு விற்கும் ஒருவரையே எடுத்துக்காட்டாக வைக்கிறார். அந்த வீடு நோய் தருவது, அறைகளில் பாம்புகள் வருகின்றன, மரமும் உளுத்தது. இவை விற்பவருக்கு மட்டுமே தெரியும். ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த பாபிலோனின் டையோஜெனிஸ், சட்டம் கேட்காத எதையும் விற்பவர் வலிந்து சொல்ல வேண்டியதில்லை என்று வாதிடுகிறார்; அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வாங்குபவரும் விற்பவரைப் போன்ற மனிதரே என்பதால் தெரிந்ததையெல்லாம் சொல்வதே கடமை என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார்.

இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாததும், விற்பவர் அறிந்ததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று தன் 55-ஆம் பிரிவில் விதிக்கிறது. அரங்கமைப்பு இந்த விதிக்கு வெளியே நிற்கிறது. அது விரிசலை மூடுவதில்லை. விரிசலுக்கு எதிர்ப்புறச் சுவரில் ஓர் ஓவியத்தை மாட்டிக் கண்ணை அந்தப் பக்கம் இழுக்கிறது. எந்தக் கேள்விக்கும் பொய்யான பதில் சொல்லப்படுவதில்லை, சில கேள்விகள் எழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளப்படுகிறது. படத்திலேயே வெற்று அறைக்குள் சோபாவையும் விரிப்பையும் கணினியால் வரைந்து வைக்கும் முறை பெருகிய பிறகே சட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. 2026 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் ஒன்று, அவ்வாறு மாற்றிய படத்தை விளம்பரத்தில் இடுவோர் அதை வெளிப்படையாகச் சொல்லவும், மாற்றாத படத்தையும் பார்க்கத் தரவும் வேண்டும் என்கிறது.

6

தமிழ்நாட்டில் பழைய வீடு ஒன்று கைமாறும்போது இந்த வகை அரங்கமைப்பு அரிது. வாங்குபவர் பலநேரம் கட்டடத்தை விட்டுவிட்டு மனைக்கே விலை போடுகிறார், அடுக்ககமானால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேட்கிறார். காட்சிக்கு வைக்கப்படுவது நெகிழிக் கோப்புக்குள் அடுக்கிய ஆவணங்கள்: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது. ‘வில்லங்கம் சுத்தம்’ என்றும், ‘கிழக்குப் பார்த்த வாசல், அக்கினி மூலையில் அடுப்பு’ என்றும் தரகர் சொல்லும் வாக்கியங்களே அங்கு அலங்காரம். அமெரிக்க அரங்கமைப்போடு ஒப்பிட்டால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே முன்பு வாழ்ந்தவர் யார் என்பது மறைக்கப்படுகிறது. இங்கே மூலத்திலிருந்து இன்றுவரை எந்தெந்தப் பெயர்கள் வழியாக வீடு வந்தது என்று காட்டினால்தான் நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் பெயர் நம்பிக்கையை மட்டும் பிறப்பிப்பதில்லை. வீடு பார்க்க வருபவரின் கண் வாசற்பலகையிலிருந்து பூஜை மாடத்துக்கும், அங்கிருந்து சுவரில் தொங்கும் தலைவரின் படத்துக்கும் தாவி, சில நொடிகளில் சாதியையும் மதத்தையும் கணித்துவிடும் வல்லமை உடையது. வாடகைக்கு வீடு தேடுவோரிடம் ஊரும் பெயரும் உணவும் விசாரிக்கப்படுவதன் உட்பொருளைத் தமிழ் நகரங்களில் அறியாதவர் இல்லை. இந்தச் சூழலில் ஆணியைப் பிடுங்கி, துளையில் மக்கு வைத்து, படம் இருந்த சதுரத்தின் வெளிர்நிறத்தையும் வண்ணத்தால் மூடிவிடும் ஒருவர் தம் நினைவைத் துறக்கிறார் என்று மட்டும் வருந்திவிட முடியாது. அவருக்கு அந்த வெற்றுச் சுவர் ஒரு தற்காப்பாக இருக்கலாம். மரின் சிட்டித் தம்பதியரின் வீட்டிலும் நடந்தது அதுவே. ஆள்நீக்கம் ஒருவருக்கு இழப்பாகவும் மற்றொருவருக்குக் கவசமாகவும் இருப்பது, நடுநிலைச் சுவருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதன் அடையாளம்.

சென்னையிலும் கோவையிலும் புதிய அடுக்ககங்களை விற்கக் கட்டப்படும் ‘மாதிரி வீடு’ அரங்கமைப்பின் உள்ளூர் வடிவம். அங்கே நீக்குவதற்கு யாரும் வாழ்ந்திருக்கவில்லை என்பதால், வாழ்ந்ததாகத் தோன்றும் ஒருவரைப் புதிதாகப் புனைய வேண்டியிருக்கிறது. பிள்ளையின் அறையில் கிடாரும் உலக உருண்டையும், பெற்றோர் அறையில் திறந்து கவிழ்த்த புத்தகமும், மாடத்தில் எண்ணெய் படாத குத்துவிளக்கும் வைக்கப்படுகின்றன; சில மாதிரி வீடுகளில் கட்டில்கள் வழக்கத்தைவிடச் சற்றுக் குறுகியவை, அறைகளுக்குக் கதவு மாட்டாமல் விடுவதும் உண்டு, விளக்குகள் எல்லாம் பகலிலும் எரிகின்றன. கொடியும் மாவரைக்கும் இயந்திரமும் எரிவாயு உருளையும் இங்கும் கண்ணில் படாது. இந்த நாடகம் வாங்குபவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது: 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர் அதிலுள்ள பொய்த் தகவலால் இழப்படைந்தால், கட்டுநர் ஈடு செய்ய வேண்டும் என்று 12-ஆம் பிரிவில் கூறுகிறது. அதே சட்டம், வெளிச்சுவர்களைத் தவிர்த்து உள்ளே பயன்படும் தரைப்பரப்பு எது என்பதற்கும் வரையறை தந்தது. காட்சியை நம்பி வருபவர் கையில் ஓர் அளவுகோலையாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

7

இதுவரை கண்டவற்றிலிருந்து, சந்தைக்குச் சுவடு என்றாலே ஆகாது என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1935-இல் பாரிஸ் நகரைப் பற்றி எழுதிய கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுத்தர வர்க்கத்தார் தொட்ட தடம் பதியும் மென்துணிகளாலும் உறைகளாலும் தம் வீடுகளை நிரப்பியதையும், வாழ்பவரின் தடங்கள் நிறைந்த அந்த அறைகளே துப்பறியும் கதைக்குக் களமானதையும் இணைத்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் அரங்கமைக்கப்பட்ட வீடு, எந்தத் துப்பறிவாளரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத அறை. ஆனால் காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சென்றால் இந்த முடிவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

அத்தெருவின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிக்கப்பட்டும் இடிக்கப்பட்டும் போனதில் மிஞ்சிய தேக்கு நிலைகளும் தூண்களும், கண்ணாடிச் சட்டங்களும், எனாமல் பாத்திரங்களும், யாருடைய தாத்தாவோ தலைப்பாகையோடு அமர்ந்திருக்கும் புகைப்படங்களும் குவிந்திருக்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் அவற்றிலுள்ள தேய்மானத்துக்கே விலை தருகிறார்கள். கதவின் கீழ்ப்படியில் கால்பட்டுத் தேய்ந்த குழிவும், நிலையில் பல ஆண்டு மஞ்சளும் குங்குமமும் வைத்து ஏறிய கறையும் அங்கே குறையல்ல, அவைதான் பொருளின் நிறைவு. இந்தப் பொருள்கள் நகரத்து அடுக்ககக் கூடங்களுக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் போய்ச் சேர்ந்து, புதிய சுவர்களுக்கு இல்லாத வயதைக் கொடுக்கின்றன. சுவடு விலைபோகிறது, அதற்குரியவர் வந்து நிற்க வழியில்லை என்னும்போது நல்ல விலைக்கே போகிறது. அரங்கமைப்பு அஞ்சுவது சுவட்டை அன்று, சுவட்டுக்கு உரியவரை.

அக்கடைகளில் கிடைக்கும் பித்தளை அண்டாக்களின் கழுத்தில், உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கும். சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் பெயரின் முதலெழுத்துகளை வெட்டித் தருவது தமிழ் வீடுகளின் வழக்கம். ஊர்ச் சாப்பாட்டுக்கு இரவல் போன பாத்திரம் பிசகாமல் வீடு திரும்புவதற்கும், அண்ணன் தம்பி பிரியும்போது யாருடையது என்று தெரிவதற்கும் அது அடையாளம். அத்தகைய அண்டா ஒன்று இன்று சென்னையின் அடுக்ககக் கூடத்தில் பூச்செடி தாங்கி நிற்பது அரிய காட்சியல்ல. நாளை அந்த வீட்டை விற்க நேர்ந்து, அரங்கமைப்புத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தால், அவ்வீட்டுப் பிள்ளைகள் பட்டமேற்கும் படத்தைக் கழற்றச் சொல்வார், பாட்டியின் படத்தையும் கழற்றச் சொல்வார், ஆணிகளைப் பிடுங்கித் துளையை அடைக்கச் சொல்வார். அண்டாவை வெளிச்சம் விழும் மூலைக்கு நகர்த்தி, பெயர் வெட்டிய பக்கம் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார்.